வெறும் வாயை அம்மா ஏன் மெல்லுகிறார்?

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. சர்க்கரை நோய் உண்டு. சில மாதங்களாக வாயில் எதுவும் இல்லாதபோதும் மெல்லுவதுபோல் தாடை அசைகிறது. நாக்கு அடிக்கடி வெளியே எட்டிப்பார்க்கிறது. தூக்கத்தில் இது நின்றுவிடுகிறது. கேட்டால், "நான் ஒன்றும் செய்யவில்லையே" என்கிறார். வாயுத் தொல்லைக்கு இரண்டு வருடங்களாக மாத்திரை சாப்பிடுகிறார். மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா?

பதில்: ஸ்கேன் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். அதற்கு முன் அந்த வாயு மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் அல்லது ரபிப்ரசோலோடு லெவோசல்பிரைடு என்ற பெயரும் இருந்தால், என் முதல் சந்தேகம் அதன்மேல்தான்.

நம் அசைவுகளைச் சீராக வைத்திருக்க மூளைக்கு டோபமின் என்ற வேதிப்பொருள் வேண்டும். டோபமின் வேலை செய்யும் இடங்களை லெவோசல்பிரைடு அடைத்துவிடுகிறது. மாதக்கணக்கில் இப்படி அடைபட்டிருந்தால் அந்த இடங்கள் மிகையாகத் தூண்டப்படும் நிலைக்கு வந்துவிடுகின்றன என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அதன் விளைவுதான் உதடு, நாக்கு, தாடையின் ஓயாத அசைவு. மருத்துவத்தில் இதை டார்டிவ் டிஸ்கைனீசியா என்பார்கள். வயதான பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் ஆபத்து கூடுதல். பலருக்குத் தம் வாய் அசைவதே தெரியாது. அம்மா பொய் சொல்லவில்லை. அதற்காக அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோப்ரமைடும் இதே வேலையைச் செய்யக்கூடியது. அதை 12 வாரங்களுக்கு மேல் தருவதைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009-இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. தலைசுற்றலுக்கான சின்னாரிசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃப்ளூனரிசின், மனநோய்க்கான பல மருந்துகள் ஆகியவற்றாலும் இது வரலாம். சிலருக்கு இவற்றால் கைநடுக்கமும் நடைத் தளர்ச்சியும் வந்து, பார்க்கின்சன் நோய் என்றே சிகிச்சை நடந்துகொண்டிருக்கும். ஒரு முறை எழுதிக்கொடுத்த சீட்டை வைத்து வருடக்கணக்கில் கடையில் மாத்திரை வாங்கும் பழக்கம் எனக்குப் பெரும் கவலை தருகிறது.

மாத்திரையை எழுதிய மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். வாயுவுக்கு வேறு வழி உண்டு; பெரும்பாலும் இதை நிறுத்திவிடச் சொல்வார். மனநல மருந்து என்றால் மட்டும் நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. வாயு மாத்திரையை நிறுத்திய புதிதில் அசைவு சற்றுக் கூடலாம். பயந்து மறுபடி தொடங்க வேண்டாம். குறைய மாதங்கள் ஆகும், சிலருக்கு முழுதாகப் போகாது. அப்போது நரம்பியல் மருத்துவர் டெட்ராபெனசின் போன்ற மருந்தைத் தருவார். நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்சிஃபெனிடில் இந்த வாய் அசைவைக் கூட்டிவிடக்கூடும் என்பதால் கைவசம் இருப்பதைக் கொடுத்துப் பார்க்காதீர்கள்.

போகும்போது பழைய சீட்டுகள், மாத்திரை அட்டைகள், செல்பேசியில் எடுத்த ஒரு நிமிட வீடியோ ஆகியவற்றைக் கொண்டுசெல்லுங்கள். பல்செட் தளர்ந்திருந்தாலும் வாய் இப்படி அசையும், அதையும் சொல்லுங்கள்.

திடீரென ஒரு பக்கக் கையும் காலும் தாமாக வீசி ஆடினால் அன்றே மருத்துவமனைக்குப் போய்ச் சர்க்கரை அளவைப் பாருங்கள். மிக உயர்ந்த சர்க்கரையும் அப்படிச் செய்யும். வாய் ஒரு பக்கம் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம், ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.