ஃபோர்க்லிஃப்ட் ஓடும் செலவு: பில்லில் வராத கணக்கு (கேள்வி பதில்)

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஆலைகளிலும் கிடங்குகளிலும் 20 வருடத்துக்கு மேல் ஃபோர்க்லிஃப்ட் (முன்னால் இரண்டு இரும்புக் கரங்களில் சரக்கைத் தூக்கும் வண்டி) பராமரிப்பு பார்த்தவன் நான். வண்டி ஓடும் செலவைப் பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்லியிருக்கிறேன். வெளிநாட்டுக் கட்டுரைகளில் பெரிய செலவு ஆபரேட்டர் சம்பளம் என்று போட்டிருப்பார்கள். நம் ஊர்க் கணக்கு வேறு. இங்கே பணம் பேட்டரியிலும் டயரிலும் இடித்த சரக்கிலும் போகிறது.

கேள்வி (ஸ்டோர் இன்சார்ஜ், ஒரகடம்): எங்களிடம் 9 வண்டி இருக்கிறது. மாதம் பிறந்தால் "பராமரிப்பு" என்று ஒரே தொகை வருகிறது. எங்கிருந்து குறைக்க ஆரம்பிப்பது சார்?

அந்த ஒரே தொகையை உடைப்பதிலிருந்து ஆரம்பியுங்கள். வண்டிக்கு ஒரு நோட்டு போடுங்கள். டயர், ஹோஸ், ஆயில், பேட்டரி, மெக்கானிக் வந்துபோன நேரம் எல்லாம் அந்தந்த வண்டி எண்ணில் ஏறட்டும். மாதக் கடைசியில் ஹவர் மீட்டர் (வண்டி ஓடிய நேரத்தை எண்ணும் கருவி) காட்டும் மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். 9 வண்டியில் இரண்டு வண்டி மற்றவற்றைவிடத் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். நான் பார்த்த இடத்திலெல்லாம் இப்படித்தான்.

ஒரு கிடங்கில் 6 வண்டியும் ஒரே மாடல், ஒரே வருடம். நாலாம் நம்பர் மட்டும் மற்றவை போல இரண்டு மடங்கு டயர் தின்றது. ஆபரேட்டரை மாற்றினார்கள், டயர் கம்பெனியையும் மாற்றினார்கள், பலனில்லை. கடைசியில் அது வேலை செய்யும் டாக்கில் (லாரியில் சரக்கு ஏற்றி இறக்கும் மேடை) இரும்புத் தகட்டின் விளிம்பு ஒரு விரல் அளவு தூக்கிக்கொண்டு நின்றது தெரிந்தது. அரை நாள் வெல்டிங் வேலையில் முடிந்தது. பொதுக் கணக்கிலேயே எழுதிக்கொண்டு இருந்திருந்தால் அந்தத் தகட்டை இன்றுவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை: சில வண்டிகளில் சாவி போட்டாலே ஹவர் மீட்டர் ஓடும். கேபினில் வைத்த சின்ன ஃபேனுக்காகச் சாவியை ஆன் பண்ணியே விடுவார்கள். அந்த மணி நேரத்தை நம்பி சர்வீஸ் வைத்தால் ஆயில் காசு வீண். உங்கள் மீட்டர் எதை எண்ணுகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (மெயின்டனன்ஸ் இன்ஜினியர், ஓசூர்): 48 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி 5 வருடம் வரும் என்றார்கள். மூன்றாம் வருடமே ஷிப்ட் முடிவதற்குள் படுத்துவிடுகிறது. கம்பெனி மேல் தப்பா, எங்கள் மேல் தப்பா?

பெரும்பாலும் நம் மேல்தான். கோபப்படாமல் கேளுங்கள்.

இந்த பேட்டரிக்கு ஆயுள் வருடத்தில் இல்லை, சார்ஜ் எண்ணிக்கையில் இருக்கிறது. சார்ஜில் 80 சதவீதத்தைச் செலவழித்து முழுதாக ஏற்றினால் ஒரு சுற்று. நல்ல பேட்டரி ஏறத்தாழ 1500 சுற்று வரும். நாளைக்கு ஒன்று, வருடம் 300 வேலை நாள் என்றால் 5 வருடம். "சாப்பாட்டு நேரத்தில் சும்மாதானே நிற்கிறது" என்று மதியம் ஒருமுறை, டீ நேரத்தில் ஒருமுறை செருகினால் சுற்று ஏறிக்கொண்டே போகும், சூடும் தணியாது. 8 மணி நேரம் ஓட்டம், 8 மணி நேரம் சார்ஜ், 8 மணி நேரம் ஆறல் என்ற பழைய கணக்கைப் போட்டவர்கள் விவரம் தெரிந்துதான் போட்டார்கள்.

அடுத்தது தண்ணீர். சார்ஜ் முடிந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். முன்பே விளிம்பு வரை ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி ஆசிட் வழியும். அப்புறம் ஆசிட் நீர்த்துப்போகும், பேட்டரி உட்காரும் ட்ரேயும் அரிக்கும். தகடு வெளியே தெரியும் அளவுக்கு இறங்கியிருந்தால் மட்டும், தகடு மூழ்கும் வரை கொஞ்சம் ஊற்றிவிட்டு சார்ஜ் போடுங்கள். ஊற்றுவது டிஸ்டில்ட் வாட்டராகவே இருக்கட்டும். கேன்டீன் ஆர்ஓ தண்ணீரை ஊற்றிய ஆட்களும் உண்டு.

மூன்றாவது சூடு. வெப்பம் 10 டிகிரி கூடினால் பேட்டரி ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. தகரக் கூரைக்கடியில், காற்று இல்லாத மூலையில் சார்ஜிங் பாயின்ட் வைத்தால் சித்திரை, வைகாசியில் என்ன நடக்கும் என்று பாருங்கள். காற்றோட்டம் பாதுகாப்புக்கும் வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும்.

கடைசியாக, கட்-ஆஃப். சார்ஜ் 20 சதவீதத்துக்கு வந்ததும் மாஸ்ட் (சரக்கை மேலே ஏற்றும் முன்பக்கத் தூண்) தூக்காமல் நிற்கும்படி வண்டியில் அமைப்பு இருக்கும். "லோடு பாதியில் நிற்கிறது" என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதை பைபாஸ் செய்து வைத்திருக்கிறார்களா என்று இன்றைக்கே பாருங்கள். நான் சந்தேகப்பட்டுத் திறந்து பார்த்த வண்டிகள் பலவற்றில் அந்த ஒயர் ஜம்பர் அடித்துத்தான் இருந்தது.

புது பேட்டரிக்கு ஆர்டர் போடும் முன் 24 செல்லையும் ஹைட்ரோமீட்டரில் பாருங்கள். முழு சார்ஜில் ஆசிட்டின் ஒப்படர்த்தி 1.280 அருகே இருக்க வேண்டும். ஓரிரு செல் மட்டும் தனியாக இறங்கியிருந்தால் அந்த செல்லை மட்டும் மாற்றலாம். மொத்த பேட்டரியும் போச்சு என்று சொல்கிறவரிடம் செல் வாரியாக ரீடிங் கேளுங்கள்.

கேள்வி: அப்படியானால் லித்தியத்துக்கே போய்விடலாமா?

ஒரே ஷிப்ட் என்றால் வேண்டாம். இரண்டு, மூன்று ஷிப்ட் ஓடினால் கணக்குப் போடுங்கள். மாற்று பேட்டரி, அதைத் தூக்கும் கிரேன், தண்ணீர் ஊற்றும் ஆள், சார்ஜிங் அறை எல்லாவற்றையும் லெட் ஆசிட் பக்கம் எழுதி ஒப்பிட்டால்தான் நியாயம். லித்தியத்தை டீ இடைவேளையிலும் செருகலாம், ஒன்றும் ஆகாது. பழைய வண்டியில் மாற்றிப் பொருத்தும்போது எடையை மறக்காதீர்கள். கனமான பேட்டரியும் சேர்ந்துதான் பின்பக்க எடை. லித்தியம் லேசானது என்று அப்படியே வைத்தால் லோடு தூக்கும்போது பின்சக்கரம் எழும்பும். எடைக்கட்டை சேர்க்க வேண்டும்.

எந்த பேட்டரியானாலும் ஷிப்ட் முடிந்ததும் எல்லாச் சார்ஜரையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். உயர் அழுத்த இணைப்பில் அந்த நேர உச்சம் மாதம் முழுவதுக்குமான டிமாண்ட் கட்டணத்தில் (உச்ச மின்தேவைக்கான கட்டணம்) ஏறும். மாலை உச்ச நேரத்தில் யூனிட்டுக்கும் கூடுதல் உண்டு. இரவு 10 மணிக்கு மேல் வரிசையாகப் போடுங்கள். டைமர் விலை அற்பம்.

கேள்வி (டீசல் வண்டி வைத்திருப்பவர், திருப்பூர்): ஐட்லிங்கில் (வண்டி நிற்கும்போது இன்ஜின் சும்மா ஓடினால்) டீசல் எவ்வளவு போகும்?

என்னைக் கேட்பதைவிட உங்கள் வண்டியைக் கேளுங்கள். டேங்கை விளிம்பு வரை நிரப்பி, ஒரு மணி நேரம் ஐட்லிங்கில் விட்டு, மறுபடி விளிம்பு வரை நிரப்புங்கள். ஊற்றிய அளவை விலையால் பெருக்கி ஆபரேட்டர்கள் பார்க்கும் சுவரில் ஒட்டுங்கள். நான் கொடுக்கும் எந்த எண்ணையும்விட அது வேலை செய்யும்.

கேள்வி: சிலிண்டரில் லேசாக ஆயில் கசிகிறது. "சொட்டுதான், ஓடட்டும்" என்கிறார் மெக்கானிக்.

20 சொட்டு ஏறத்தாழ ஒரு மில்லி. 10 விநாடிக்கு ஒரு சொட்டு, நாளைக்கு 16 மணி நேரம் என்றால் 288 மில்லி. மாதம் 25 நாளில் 7 லிட்டருக்கு மேல். இதில் தரையில் வழுக்கி விழுகிறவர் கணக்கு சேரவில்லை. கசிவை அடைக்கும் ரப்பர் சீல் கிட்டின் விலையைக் கேட்டுப் பாருங்கள், சிரிப்பு வரும்.

கேள்வி: தேய்ந்த ஃபோர்க்கில் (சரக்கைத் தாங்கும் இரும்புக் கரம்) வெல்டிங் வைத்து ஓட்டலாமா அண்ணா?

கூடாது. குதிகால் வளைவில் (ஃபோர்க் மேல்நோக்கி வளையும் இடம்) தடிமன் 10 சதவீதம் தேய்ந்தால் தாங்கும் பலம் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்துவிடும். மாற்றியாக வேண்டும். தூக்கும் சங்கிலி 3 சதவீதம் நீண்டாலும் அதே பதில்தான்.

கேள்வி (கிடங்கு உரிமையாளர், மதுரை): ஆபரேட்டர்கள் ரேக்கை இடித்துக்கொண்டே இருக்கிறார்கள். சம்பளத்தில் பிடித்தால் சரியாகுமா?

சரியாகாது. பிடிக்க ஆரம்பித்த மறுநாளே இடிப்பது நிற்காது, சொல்வது நின்றுவிடும். வளைந்த ரேக் காலுக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டி வைத்து மறைப்பார்கள். அந்தக் காலுக்கு மேல் எத்தனை டன் நிற்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

அதற்குப் பதில் மூன்று மாதம் ஒரு வேலை செய்யுங்கள். கிடங்கின் வரைபடத்தைச் சுவரில் மாட்டி, இடித்த இடத்தில் யாரும் புள்ளி வைத்து நேரத்தை எழுதலாம், பெயர் வேண்டாம் என்று சொல்லுங்கள். புள்ளிகள் சில மூலைகளில் கூடும். அங்கே பாதை குறுகலாக இருக்கும், விளக்கு எரியாமல் இருக்கும், அல்லது உங்கள் ரேக் இடைவெளிக்கு வண்டி பெரிதாக இருக்கும். அந்த மூலைக்கு மட்டும் இரும்புக் காவல் கம்பம் போதும். புள்ளிகள் மூலையில் கூடாமல் நேரத்தில் கூடினால், உதாரணமாக லாரி கிளம்பும் கடைசி ஒரு மணி நேரத்தில் என்றால், குற்றம் டிஸ்பாட்ச் அட்டவணையில் இருக்கிறது.

உடைந்த சரக்கின் கணக்கையும் பாருங்கள். அது விற்பனைக் கணக்கில் "ரிட்டர்ன்" என்று ஒளிந்திருக்கும், ஃபோர்க்லிஃப்ட் கணக்குக்கு வரவே வராது.

கேள்வி: சொந்த வண்டியா, வாடகையா?

வாடகை ஒப்பந்தத்தில் மாதத்துக்கு இத்தனை மணி நேரம் என்று ஒரு வரி இருக்கும், அதற்கு மேல் தனி ரேட். சொந்த வண்டிக்கான ஏஎம்சியில் (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) டயர், பேட்டரி, இடித்த சேதம் சேராது என்று இன்னொரு வரி இருக்கும். இரண்டையும் படித்துவிட்டு, நோட்டில் இருக்கும் உங்கள் மணி நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி (மேனேஜர், கோவை): பத்தாவது வண்டி கேட்கிறார்கள். வாங்கவா?

ஒரு வாரம் அரை மணிக்கு ஒருமுறை எத்தனை வண்டி நிற்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். காலை இரண்டு மணி நேரம் எல்லாம் ஓடும், பிற்பகல் நாலு நிழலில் நிற்கும். லாரி வரும் நேரத்தைப் பிரித்தாலே தேவை குறையும். இன்னொன்று, ஃபோர்க்லிஃப்ட் தூக்கி வைக்கிற வண்டி. பேலட்டை (சரக்கு அடுக்கும் பலகை) 150 மீட்டர் சுமந்து போக அதை ஓட்டுகிறார்களா? சாலிட் டயர் அப்படி நீள ஓட்டத்தில் உள்ளே சூடேறிப் பிளக்கும். அந்த வேலைக்கு ஒரு பிஓபிடி (பேட்டரியில் ஓடும் பேலட் வண்டி) போதும், விலையும் மிகக் குறைவு.

கேள்வி: நான் ஆபரேட்டர். தினமும் செக்லிஸ்ட்டில் டிக் அடிக்கச் சொல்கிறார்கள். எழுதினாலும் யாரும் பார்ப்பதில்லை. எதற்கு எழுதணும்?

நியாயமான கோபம். 20 கட்டத்திலும் டிக் விழுந்த தாளை யாரும் படிக்க மாட்டார்கள், நானும் படித்ததில்லை. கோளாறு இருக்கும் நாளில் டிக்கை விட்டுவிட்டு ஒரே வரியில் எழுதுங்கள்: "இடது டயர் பிளந்திருக்கிறது", தேதி, ஹவர் மீட்டர் எண். போனில் படம் எடுத்து சூப்பர்வைசருக்கு அனுப்பிவிடுங்கள். பின்னால் பேச்சு வந்தால் உங்கள் கையில் அது இருக்கும். பிரேக், ஸ்டியரிங், சங்கிலி இந்த மூன்றில் சந்தேகம் வந்தால் மட்டும் எழுதிவிட்டு ஓட்டாதீர்கள். சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கிவிடுங்கள்.