ஒலி எங்கே தடைபடுகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ப்ளூ-ரே பிளேயரை எச்டிஎம்ஐ கேபிள் மூலம் ஹோம் தியேட்டர் பிராசஸரில் இணைத்திருக்கிறேன். டிஸ்க் உறையில் டால்பி அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் முறை) என்று போட்டிருக்கிறது. பிராசஸரின் திரையிலோ ‘மல்டி சேனல் பிசிஎம்’ (பிளேயரே டீகோட் செய்து, அதாவது பிரித்து அனுப்பும் ஒலி) என்றுதான் வருகிறது. கேபிளை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். படமும் ஒலியும் தடையில்லாமல் வருகிறதென்றால் கேபிளில் குறையில்லை, பிளேயரின் ஆடியோ செட்டிங்ஸைப் பாருங்கள். டிஜிட்டல் அவுட்புட்டை ‘பிட்ஸ்ட்ரீம்’ (டிஸ்க்கில் உள்ள ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்புவது) என்று வையுங்கள். கூடவே ‘செகண்டரி ஆடியோ’ அல்லது ‘பிடி ஆடியோ மிக்ஸ்’ என்று ஒன்று இருக்கும். அதை ஆஃப் செய்யுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். மெனு கிளிக் சத்தத்தையும் இயக்குநரின் வர்ணனையையும் படத்தின் ஒலியோடு கலக்க வேண்டுமானால், பிளேயர் ஒலித்தடத்தைத் தானே டீகோட் செய்தாக வேண்டும். அப்படிச் செய்ததும் அட்மாஸுக்கான கூடுதல் தகவல் கழன்றுவிடும், 7.1 சேனல்கள் வரைதான் மிஞ்சும்.

அட்மாஸ் இல்லாத சாதாரண ‘டால்பி ட்ரூஎச்டி’ ஒலி கொண்ட டிஸ்க் என்றால் பிசிஎம்மில் கேட்பதால் தரம் குறையாது. இரண்டும் இழப்பற்றவை. டிஸ்க் மெனுவில் சரியான ஒலித்தடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி) டிஸ்க்கின் மல்டி சேனல் ஒலி ஆப்டிகல் கேபிளில் வரவே இல்லை. அதனால் ஆறு ஆர்சிஏ கேபிள்களைப் போட்டு பிராசஸரின் 5.1 அனலாக் இன்புட்டில் கொடுத்தேன். இப்போது பாட்டு கேட்கிறது, ஆனால் பேஸ் சுத்தமாக இல்லை. ஏன்?

பதில்: எஸ்ஏசிடியில் ஒலி பதிவாகியிருக்கும் டிஎஸ்டி என்ற டிஜிட்டல் சிக்னலை ஆப்டிகல் வழியாக அனுப்ப முடியாது, நீங்கள் அனலாகுக்கு மாறியது சரியான முடிவு. ஆனால் பெரும்பாலான பிராசஸர்கள் 5.1 அனலாக் இன்புட்டில் வருவதை எதுவும் செய்யாமல் நேராக வால்யூம் கன்ட்ரோலுக்கு அனுப்பிவிடும். நீங்கள் பிராசஸரில் வைத்த கிராஸ்ஓவர் (எந்த அளவுக்குக் கீழே உள்ள ஒலி சப்-வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லை), ஸ்பீக்கர் தூரம், அறைத் திருத்தம் எதுவும் அந்த வழியில் வேலை செய்யாது. சின்ன ஸ்பீக்கர்களால் கீழ் ஸ்வரங்களைத் தர முடியாது. சப்-வூஃபருக்குப் போகும் தனிச் சேனலோ இசை டிஸ்க்குகள் பலவற்றில் காலியாகவே இருக்கும். பேஸ் போவதற்கு வழியே இல்லை.

எனவே அந்த வேலையைப் பிளேயரிடம் ஒப்படையுங்கள். ஸ்பீக்கர் செட்டப்பில் எல்லாவற்றையும் ‘ஸ்மால்’ என்றும், சப்-வூஃபரை ‘ஆன்’ என்றும் வையுங்கள். கிராஸ்ஓவரைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் 80 ஹெர்ட்ஸில் தொடங்கலாம். டிஎஸ்டி நேரடியாகப் போகும்போது பல பிளேயர்களில் இந்த அமைப்பு செயல்படாது. அப்போது ‘டிஎஸ்டி அவுட்புட்’ என்பதை ‘பிசிஎம்’ ஆக்குங்கள். தூரத்தையும் பிளேயரிலேயே கொடுங்கள்: ஒரு ஸ்பீக்கர் 1 மீட்டர் அருகில் இருந்தால் அதற்குச் சுமார் 3 மில்லி செகண்ட் தாமதம் தேவை.

இதே கேபிள்களில் சினிமா டிஸ்க் போட்டால் சப்-வூஃபர் அடங்கி ஒலிக்கலாம். படங்களில் சப்-வூஃபருக்கென்று இருக்கும் தனிச் சேனலை (எல்எஃப்இ) 10 டெசிபல் குறைத்துப் பதிவார்கள். இயக்கும்போது ஏற்றிக்கொள்ள வேண்டும். பிராசஸரில் இந்த இன்புட்டுக்கென்று தனியாக ‘+10’ அமைப்பு இருக்கிறதா என்று தேடுங்கள்.

பிளேயரின் எச்டிஎம்ஐ வழியே எஸ்ஏசிடி ஒலி வருமானால் ஆறு கேபிள்களையும் கழற்றிவிடலாம். பிசிஎம்மாக அனுப்பினால் எல்லாத் திருத்தங்களையும் பிராசஸரே செய்துகொள்ளும்.

கேள்வி: ஆர்சிஏ கேபிள்களில் இடைவிடாமல் ‘ம்ம்’ என்று ஹம் வருகிறது.

பதில்: முதலில் டிவிக்கோ செட்-டாப் பாக்ஸுக்கோ வரும் ஆன்டெனா கேபிளைக் கழற்றிப் பாருங்கள். ஹம் நின்றால் அது கிரவுண்ட் லூப், அதாவது கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த் ஆவதால் வரும் கோளாறு. அந்தக் கேபிளில் எர்த் தொடர்பைத் துண்டிக்கும் ஒரு ஐசொலேட்டர் போட்டால் போதும். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள், உயிருக்கே ஆபத்து.