மின்சார ஸ்கூட்டர் இழுக்கவில்லை: மோட்டாரை மாற்றுவதா, பேட்டரியை மாற்றுவதா?

உங்கள் கேள்வி இது: 250 வாட் மோட்டார், 48 வோல்ட்டுக்கு நான்கு லெட் ஆசிட் பேட்டரி. மூன்று வருடம் நன்றாக ஓடிய வண்டி இப்போது இழுக்கவில்லை. 1000 வாட் மோட்டாரும் லித்தியம் பேட்டரியும் போடலாமா?

பேட்டரியை மாற்றுங்கள், மோட்டாரைத் தொடாதீர்கள். பழுது எங்கே என்று பார்க்காமல் வோல்ட்டைக் கூட்டப் போய் நான் ஒரு கன்ட்ரோலரை (பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) எரித்தேன். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

எனக்கு வள்ளியூர், வேலை பணகுடியில். போக வர இருபது கிலோமீட்டர் சொச்சம். ஆனி, ஆடி வந்தால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்குக் காற்று அடிக்கும். பணகுடியைச் சுற்றி அத்தனை காற்றாலைகள் நிற்பதே அதை நம்பித்தான். நீங்கள் 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிரே 25 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால், உடம்பில் மோதுவது 50 கிலோமீட்டர் காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். சித்திரையில் சும்மா போன வண்டி ஆடியில் திணறுவது இதனால்தான். மோட்டார் போய்விட்டது என்று நானும் நினைத்தேன்.

ஒரு கடையில் ஐந்தாவது பேட்டரி ஒன்றைச் சேர்த்தால் 60 வோல்ட் ஆகும், வண்டி பறக்கும் என்றார்கள். பறந்தது, இரண்டு நாள். மூன்றாம் நாள் காலை கருகல் வாசனை வந்து நடுவழியில் நின்றுவிட்டது. கன்ட்ரோலரைத் திறந்தால் கெபாசிட்டர் உப்பி வெடித்திருந்தது. அதன் மேல் 63 வோல்ட் என்று அச்சடித்திருந்தது. முழுக்க சார்ஜ் ஏறிய ஐந்து லெட் ஆசிட் பேட்டரிகள் சும்மா இருக்கும்போதே 65 வோல்ட்டைத் தொடும். பின் எப்படித் தாங்கும்?

பழையபடி நான்கு பேட்டரியும் புதுக் கன்ட்ரோலரும் போட்ட பிறகும் இழுவை வரவில்லை. பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் அண்ணாச்சி ஒருவரிடம் கொண்டுபோனேன். மல்டிமீட்டரை மாட்டி, "நிக்கையில பாத்தா போதாது தம்பி, ஓடையில பாக்கணும்" என்றார். நிற்கும்போது 50.6 வோல்ட். ஆக்சிலரேட்டரை முறுக்கி ஏற்றத்தில் ஏற்றினால் 43. கன்ட்ரோலர் 42-க்குக் கீழே இறங்கினால் தானாகவே வெட்டிவிடும். ஒவ்வொரு பேட்டரியாகப் பார்த்தார். மூன்று பேட்டரிகள் 11.4-இல் நின்றன, ஒன்று மட்டும் 8.8-க்கு விழுந்தது.

"அண்ணாச்சி, பெரிய மோட்டாரா போட்டுட்டா?" என்று கேட்டேன்.

"ஊத்து வத்துன கெணத்துல அஞ்சு எச்பிய எறக்குனா தண்ணி வந்துருமாடே?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பெரிய மோட்டார் கூடுதல் கரண்ட் கேட்கும். கரண்ட் கூடக் கூட நோஞ்சான் பேட்டரியின் வோல்ட் இன்னும் கீழே போகும். வண்டி முன்னைவிட மோசமாகத்தான் ஓடும்.

நான் போட்டது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. செல்லுக்கு 3.2 வோல்ட், பதினாறு செல், மொத்தம் 51.2 வோல்ட், 30 ஆம்பியர் அவர். பழைய நான்கும் சேர்ந்து 28 கிலோ இருந்தன, இது அதில் பாதிதான். சுமை ஏறினாலும் வோல்ட் அதிகம் இறங்காததால் அதே 250 வாட் மோட்டார் புதிதுபோல் இழுக்கிறது. சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் ஹப் மோட்டாரின் வேகம் வோல்ட்டைப் பொறுத்தது. அந்த வோல்ட்டுதான் உங்களுக்கும் குறைகிறது.

வாங்கும்போது பேட்டரிக்குள் இருந்து அதைப் பாதுகாக்கும் பிஎம்எஸ் என்ற சர்க்யூட் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று கேளுங்கள். என் கன்ட்ரோலர் அதிகபட்சம் 18 ஆம்பியர் இழுக்கும், 30 ஆம்பியர் பிஎம்எஸ் போட்டிருக்கிறேன். பழைய சார்ஜரைத் தயவுசெய்து செருகாதீர்கள். அது லெட் ஆசிட்டுக்கு என்றே செய்தது. இதற்கு 58.4 வோல்ட்டில் நிற்கும் தனிச் சார்ஜர் வேண்டும். வண்டியின் பேட்டரி முள்ளையும் நம்பாதீர்கள். இந்தப் பேட்டரியின் வோல்ட் கடைசிவரை அதிகம் இறங்காது, முள் நிறைய இருக்கிறது என்றே காட்டிக்கொண்டிருக்கும், பிறகு பிஎம்எஸ் சட்டென்று வெட்டிவிடும். போனில் சதவீதம் காட்டும் பிஎம்எஸ்ஸாக வாங்குவது நல்லது. மதிய வெயிலில் ஓட்டி வந்து உடனே சார்ஜ் போடாமல், நிழலில் அரைமணி நேரம் ஆறவிடுங்கள்.

இனி 1000 வாட். மோட்டாரோடு கன்ட்ரோலர், தடித்த வயர், எம்சிபி (கரண்ட் மீறினால் வெட்டும் சுவிட்ச்) எல்லாம் மாற வேண்டும். கரண்ட் இரண்டு மடங்கானால் வயரில் சூடு நான்கு மடங்கு. அந்த இழுவையில் ஹப் மோட்டாரின் அச்சு, அதைப் பிடித்திருக்கும் காடிக்குள்ளேயே சுழன்று வயரை அறுத்துவிடக்கூடும். டிரம் பிரேக்கோ 25 கிலோமீட்டர் வேகத்துக்குப் போட்டது.

சட்டமும் இருக்கிறது. 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டிருப்பதால்தான் இந்த வண்டிக்குப் பதிவும் லைசென்சும் கேட்பதில்லை. 1000 வாட் போட்ட நிமிடமே அது பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். யார் மீதாவது மோதினால் நஷ்டஈடு உங்கள் கையிலிருந்துதான். என் வீட்டில் இதை லைசென்ஸ் இல்லாத அப்பாவும் ஓட்டுகிறார், மகளைப் பள்ளிக்கு விட மனைவியும் எடுக்கிறாள். அவர்கள் கையில் அப்படியொரு வண்டியைக் கொடுக்க எனக்கு மனம் வராது. 45 கிலோமீட்டர் வேகம் கட்டாயம் வேண்டும் என்றால் இதை விற்றுவிட்டுப் பதிவுள்ள வண்டி வாங்குங்கள்.

இந்த ஆடியில் பணகுடி போய்த் திரும்பினால் 65 சதவீதம் மிச்சம் இருக்கிறது. எதிர்காற்றில் வேகம் 20-தான், ஆனால் எங்கும் நிற்கவில்லை.

பணம் செலவழிக்கும் முன் ஒருமுறை வண்டியை ஏற்றத்தில் ஓட்டி, நான்கு பேட்டரியின் வோல்ட்டையும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். அந்த அளவுகளையும் கன்ட்ரோலர் மேல் எழுதியிருக்கும் ஆம்பியரையும் கீழே எழுதினால், எந்த பிஎம்எஸ் பொருந்தும் என்று சொல்கிறேன்.