கையடக்கக் கணினிக்கு 18650 பற்றரி: எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

கேள்வி: கனடாவில் இருக்கும் அண்ணா எனக்கு ‘யூகொன்சோல்’ கையடக்கக் கணினி ஒன்று வாங்கித் தந்திருக்கிறார். அதற்கு இரண்டு 18650 பற்றரி போட வேண்டும், பெட்டியோடு அவை வரவில்லை. யாழ்ப்பாணம் ரவுணில் ரோர்ச் விற்கும் கடையில் 9900 எம்.ஏ.எச். என்று போட்டது மலிவாக இருக்கிறது. வீட்டில் பழைய லப்டொப் பற்றரியும் ஒன்று கிடக்கிறது. அதை உடைத்து எடுத்துப் போடலாமா?
வாசகர், கொக்குவில்

பதில்: இரண்டும் வேண்டாம்.

18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் உள்ள உருளை வடிவ லிதியம் செல்தான் (ஒற்றைப் பற்றரி) 18650. பரவலாகக் கிடைக்கும் நல்ல செல்களில் உச்சக் கொள்ளளவு 3500 எம்.ஏ.எச். சொச்சம். 9900 என்று அச்சடித்தவர் உள்ளே என்ன வைத்திருப்பார் என்று யோசியுங்கள். இப்படிப்பட்ட செல்களைச் சோதித்தால் ஆயிரம் காட்டுவதே பெரிய காரியம். உங்கள் கணினி சராசரியாக 5 வாற்ஸ் எடுக்கிறது என்று வைத்தால், நல்ல செல் இரண்டு நாலு மணித்தியாலத்துக்கு மேல் ஓடும். அந்த ரோர்ச் செல்லில் ஒரு மணித்தியாலம் தாண்டினால் அதிர்ஷ்டம். ஓட்டம் குறைவது ஒரு பக்கம் இருக்கட்டும், தரம் பார்க்காமல் கழித்த செல்லுக்குப் புது உறை போட்டு விற்பதும் இந்த வியாபாரத்தில் உண்டு. என் பயம் அதுதான்.

லப்டொப் பற்றரிக்கு வருவோம். அது செத்துப்போய் மாதக்கணக்கில் கிடந்தால் சில செல்கள் 2.5 வோல்ற்றுக்குக் கீழே இறங்கியிருக்கும். இன்னும் கீழே இறங்கினால் உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். திரும்பச் சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செப்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷோர்ட் ஆக்கலாம். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. பற்றரி கட்டுவதே தொழிலாக உள்ளவர், மீற்றரும் சோதனைச் சார்ஜரும் வைத்துக்கொண்டு செய்கிற வேலை அது. உங்களுக்கு வேண்டியது இரண்டே இரண்டு செல், அதற்குப் புதியதே வாங்கிவிடலாம்.

சாம்சங் 35ஈ, எல்ஜி எம்ஜே1, பானசோனிக் என்சிஆர்18650பி ஆகியவற்றில் எது கிடைத்தாலும் போதும். மின்சிகரெட்டுக்கு (வேப்) என்று விற்கும் 25 அம்பியர் செல்லுக்கு அலையத் தேவையில்லை. உங்கள் கருவி ஒரு செல்லிடம் கேட்பது ஒன்றிரண்டு அம்பியர்தான்.

இங்கே ஒரு சங்கடம் உண்டு. இந்தக் கம்பனிகள் தங்கள் செல்லைத் தனித்தனியாகப் பொதுமக்களுக்கு விற்பதற்கென்று செய்வதில்லை. தனிச் செல்களை வாங்க வேண்டாம் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணைக்குழு 2021 ஜனவரியில் எச்சரித்தது. அதனால் கடையில் கிடைப்பது எதுவாக இருந்தாலும் இடையில் யாரோ கைமாற்றியதுதான். பெயரை மட்டும் நம்பி வாங்க முடியாது, சோதித்தே வாங்க வேண்டும்.

எங்கே வாங்குவது? மின்சைக்கிள், சோலர் பற்றரி கட்டுபவர்களைக் கேளுங்கள். அவர்கள் பெட்டிக்கணக்கில் எடுப்பார்கள். கொழும்பு போகிறவர்கள் இருந்தால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் விசாரிக்கச் சொல்லலாம். இணையத்தில் ஓர்டர் பண்ணினால் தனி லிதியம் செல் வான்தபாலில் வராது, பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதற்கும் 2016 ஏப்ரல் முதல் தடை. ஆனால் பயணி கைப்பையில் கொண்டுவரலாம். 100 வாற்ஸ்-அவர் வரை பொதுவாக அனுமதி உண்டு, உங்கள் செல் ஒன்று 13ஐத் தாண்டாது. அண்ணாவோ சொந்தக்காரரோ வரும்போது ஒவ்வொன்றையும் பிளாஸ்ரிக் கூட்டில் போட்டுக் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். பெரிய சூட்கேசில் போடவே கூடாது.

கடையில் செல்லைக் கையில் வாங்கியதும் இரண்டு முனையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். புதிய செல்லின் முனை மழமழவென்று இருக்கும். சின்னச் சின்னப் புள்ளித் தழும்போ அரம் போட்டுத் தேய்த்த கீறலோ தெரிந்தால் அது ஏற்கெனவே எங்கோ வெல்ட் பண்ணிக் கழற்றியது. பிறகு மீற்றர் வைக்கச் சொல்லுங்கள். 3.4 முதல் 3.7 வோல்ற் வரை காட்டினால் நல்லது, 2.5க்குக் கீழே என்றால் திருப்பிக் கொடுங்கள். மீற்றர் வைக்க விடாத கடையில் வாங்க வேண்டாம். நிறையும் பாருங்கள்: நல்ல செல் 45 முதல் 50 கிராம் வரை இருக்கும், போலி பெரும்பாலும் அதைவிட நன்றாகக் குறைவு. கஸ்தூரியார் வீதியில் நகைக்கடை வைத்திருக்கும் தெரிந்தவர் யாராவது இருந்தால் தராசுக்குக் குறைவில்லை.

தோட்டத்துச் சோலர் லைற்றுக்குள்ளும் இதே அளவில் ஒரு செல் இருக்கும். உறையில் 3.2 வோல்ற் என்று போட்டிருந்தால் அது வேறு இரசாயனம், 3.65க்கு மேல் ஏற்றக்கூடாது. உங்கள் கணினியோ 4.2 வரை ஏற்றும். அதை இதில் போட்டுவிடாதீர்கள்.

பாதுகாப்புச் சுற்று வைத்த செல் நல்லதுதான், ஆனால் அது 68, 70 மில்லிமீற்றருக்கு நீண்டுவிடும். கூட்டில் இறுக்கித் திணித்தால் உறை கிழியும். செல்லின் உடம்பு முழுவதும் மறைமுனை, நேர்முனைக்கும் அதற்கும் நடுவில் இருப்பது மெல்லிய ஒரு வளையமும் அந்த உறையும்தான். ஆகவே கூட்டை அளந்த பிறகு வாங்குங்கள்.

இந்தக் கருவியில் இரண்டு செல்லும் சமாந்தரமாக இணைகின்றன. ஒன்று 4.1, மற்றது 3.5 என்று போட்டால் போட்ட கணமே ஒன்றிலிருந்து மற்றதற்கு மின்னோட்டம் பாயும். ஒரே மொடல், ஒரே நாளில் வாங்கியது, வோல்ற்றும் ஏறக்குறைய ஒன்று என்று பார்த்துப் போடுங்கள். ஒன்றைத் தலைகீழாகப் போட்டால் அது நேரடி ஷோர்ட், எனவே குறியை இரண்டு தரம் பாருங்கள்.

முதல் தடவை முழுச் சார்ஜ் ஏறியதும் கழற்றி ஒரு கிழமை வையுங்கள். நல்ல செல் 4.2க்குக் கிட்டவே நிற்கும். ஒன்று மட்டும் 4.1க்குக் கீழே இறங்கினால் அதைப் பாவிக்க வேண்டாம். சார்ஜ் போடுவது சீமெந்துத் தரையில் இருக்கட்டும், கட்டிலில் நுளம்பு வலைக்குள் வேண்டாம். சித்திரை வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ளும் விட்டுவிடாதீர்கள். ஊதிய, சூடேறுகிற, உறை கிழிந்த செல்லைக் கழிக்கும்போது முனைகளில் ரேப் ஒட்டி, பழைய பற்றரி எடுக்கும் இடத்தில் கொடுங்கள். வளவில் சருகு கொளுத்தும் குப்பையோடு அது போய்விடக்கூடாது, நெருப்பில் வெடிக்கும்.