ஹால்ட் நாட்கள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சங்ககிரி மலையடிவாரத்து லாரிப் பட்டறைகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். 'இந்த ஊர் ஓட்டுநர்கள் அளவுக்கு இந்தியாவைப் பார்த்தவர்கள் வேறு யாரும் இல்லை' என்று அதில் ஒரு வரி வருகிறது. அந்த வரியை என்னால் கடந்துபோக முடியவில்லை. என் அப்பா முப்பத்தொரு வருடம் அடுத்தவர் வண்டியில் சம்பளத்துக்கு ஓட்டினார். ஆக்ராவுக்கு மட்டும் நாற்பது முறைக்குக் குறையாமல் போயிருப்பார். தாஜ்மகாலைப் பார்த்ததில்லை. சிறு வயதில் ஏன் என்று கேட்டபோது, "நேரமில்ல கண்ணு" என்றார். அதே ஆக்ராவில் ஐந்து நாள் சும்மா நின்றுவிட்டு வந்ததாக அவர் அம்மாவிடம் சொன்னதையும் நான் கேட்டிருக்கிறேன். ஐந்து நாள் சும்மா இருந்தவருக்கு எப்படி நேரமில்லாமல் போகும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. வீட்டில் இருக்கும் மூன்று நான்கு நாட்களையும் தூங்கியே கழிப்பார். இப்போது ஓட்டுவதை நிறுத்தி ஆறு வருடமாகிறது. இன்னமும் இரவு இரண்டு மணிக்கு எழுந்து வாசலில் உட்கார்ந்துகொள்கிறார். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார். வண்டியில் அவருடைய ஒரு நாள் எப்படி இருந்தது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் அந்த வரியை நீக்கிவிடுங்கள்.

(எடப்பாடியிலிருந்து ஒரு வாசகி. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த வரியை நீக்கிவிட்டேன். அது தவறான வரி. தவறென்று எனக்கே தெரிந்திருக்க வேண்டியது. ஏனென்றால் 1998ஆம் வருடக் கோடை விடுமுறையில் என் தாய்மாமாவின் லாரியில் கிளீனராக நாக்பூர் வரை போய்வந்தவன் நான். வழக்கமாக வரும் பையன் ஊர் நோன்பிக்குப் போய்விட்டதால் கிடைத்த வாய்ப்பு அது. மாமா ஓட்டுநராக இருந்து, இன்னொருவரோடு கூட்டுச் சேர்ந்து, கடனில் வண்டி எடுத்தவர். மானாவாரிக் காட்டை நம்பிப் பிழைக்க முடியாத நம் பக்கத்துக் குடும்பங்களில் பலரும் அப்படித்தான் லாரிக்காரர்கள் ஆனார்கள்.

சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றினோம். 90 கிலோ மூட்டைகள் 100, அதாவது ஒன்பது டன். மகாராஷ்டிரத்தில் விரத நாட்களின் உணவே ஜவ்வரிசிதான் என்பதும், நம் மரவள்ளிக்கிழங்கு அங்கே போய் அப்படியொரு புனிதத்தை அடைகிறது என்பதும் அந்தப் பயணத்தில்தான் எனக்குத் தெரியவந்தன. அப்போது 7ஆம் எண்ணாக இருந்து இன்று 44ஆக மாறிவிட்ட தேசிய நெடுஞ்சாலையில் தொப்பூர் ஏறி, கிருஷ்ணகிரி, பெங்களூர், கர்னூல், ஹைதராபாத், அடிலாபாத் என்று ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். வழியில் சோதனைச் சாவடிகளில் நின்றதையும் சேர்த்து மூன்று நாளில் போய்ச் சேர்ந்தோம். மூட்டையை இறக்க ஐந்து நாள் ஆயிற்று.

நாங்கள் சேர்ந்தது சனிக்கிழமை மாலை. ஞாயிறு விடுமுறை. திங்களன்று கிடங்கில் இடமில்லை என்றார்கள். செவ்வாயன்று இடம் இருந்தது, சுமை இறக்குபவர்கள் வரவில்லை. புதனன்று சரக்கின் நிறம் மாதிரியோடு ஒத்துவரவில்லை என்று ஏதோ பேச்சு எழுந்து, சேலத்துக்கு டிரங்கால் போட்டு, சாயங்காலம் அது தீர்ந்தது. வியாழக்கிழமை மதியம்தான் முதல் மூட்டை இறங்கியது. இதில் யாரையும் கொடியவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாசலில் நிற்கும் லாரி வாடகையில்லாத ஒரு கிடங்கு. சரக்கு அதில் எத்தனை நாள் இருந்தாலும் வாங்கியவருக்குக் காசு செலவில்லை, அதனால் அவருக்கு அவசரமுமில்லை. நம் ஓட்டுநர்கள் இப்படி நிற்பதை ஹால்ட் என்பார்கள். உங்கள் அப்பா அம்மாவிடம் சொன்ன ஐந்து நாள் இதுவாகத்தான் இருக்கும்.

'சும்மா நின்றேன்' என்று அவர் சொன்னதில் 'நின்றேன்' என்பதைத்தான் நீங்கள் உற்றுக் கேட்க வேண்டும். இறக்குகிறவர்கள் எந்த நேரமும் வரலாம். அந்த நேரத்தில் ஓட்டுநர் வண்டியில் இல்லையென்றால் முறை அடுத்த வண்டிக்குப் போய்விடும். அதைவிடப் பெரிய பயம் வண்டியைப் பற்றியது. டீசல் டேங்க், பேட்டரி, ஸ்டெப்னி மூன்றும் சட்டென்று கழற்றிக்கொண்டு போகக்கூடியவை. தார்ப்பாயை ஒரு முழம் கிழித்தால் போதும், ஒரு மூட்டை வெளியே வந்துவிடும். குறைகிற மூட்டைக்கும், நனைகிற மூட்டைக்கும் வாடகையில் பிடித்துக்கொள்வார்கள். ஜவ்வரிசி நனைந்தால் கட்டிதட்டிப் போகும், பிறகு யாரும் வாங்க மாட்டார்கள். இரண்டாம் நாள் நான் மாமாவிடம், ஊருக்குள் போய் ஏதாவது பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டேன். "வண்டிய உட்டுப்போட்டு எங்க போறது?" என்றார். அவருக்கு அது பதில் தேவைப்படாத கேள்வி. அந்த ஐந்து நாளில் அவர் போன அதிகபட்ச தூரம், முன்னூறு அடி தள்ளியிருந்த தண்ணீர்க் குழாய்.

மே மாத நாக்பூர் 45 டிகிரி வரை காயும். பகலில் கேபினுக்குள் உட்கார முடியாது. ஸ்டீயரிங்கைத் தொட முடியாது. வண்டிக்கு அடியில், இரண்டு பின் சக்கரங்களுக்கு நடுவே ஒரு சாக்கை விரித்துப் படுப்போம். நிழல் நகர நகர நாங்களும் நகர்வோம். தூக்கம் என்று அதைச் சொல்ல மாட்டேன். லாரியின் வயிறு முகத்துக்கு ஒன்றரை முழம் மேலே இருக்கும். அதிலிருந்து கிரீஸ் வாசனை இறங்கிக்கொண்டே இருக்கும். இரவில் கேபினுக்குள் படுப்போம். சரியாக இரண்டு மணிக்கு மாமா எழுந்துவிடுவார். கடிகாரம் எதுவும் அடிக்காது. டார்ச்சை எடுத்துக்கொண்டு இடது பக்கமாக இறங்கி, டேங்க் மூடியைத் தொட்டு, ஸ்டெப்னியைக் காலால் ஒரு தட்டுத் தட்டி, பின்னால் போய்த் தார்ப்பாய்க் கயிற்றின் ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்துவிட்டு, வலது பக்கமாக ஏறி வருவார். திருடர்கள் வருவது அந்த நேரம்தான் என்பது அவருடைய கணக்கு. ஒரு நாள்கூட அவர் அதைத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு நான் அறிந்த அளவில் பதில் இதுதான்: உங்கள் அப்பா நேரமில்லை என்று சொன்னது பொய்யில்லை. ஐந்து நாளில் ஒரு மணி நேரம்கூட அவருடையதாக இருந்திருக்காது.

ஒன்றைத் தவிர என்று திருத்திக்கொள்கிறேன். சமைக்கிற நேரம் ஓட்டுநருடையது. வடக்கே போகும் நம் வண்டிகளில் பாடிக்குப் பக்கவாட்டில் ஒரு பெட்டி இருக்கும். அதில் அடுப்பும் பாத்திரமும் அரிசியும் இருக்கும். தொடர்ந்து சப்பாத்தியும் பருப்பும் சாப்பிட நம் ஆட்களால் முடியாது என்பது ஒரு காரணம், காசு மிச்சம் என்பது இன்னொன்று. மாமா காற்று வராத பக்கமாகப் பின் சக்கரத்தை ஒட்டி மண்ணெண்ணெய் ஸ்டவ்வை வைத்து, கடலையெண்ணெயில் கடுகும் சீரகமும் வெடித்ததும் சின்ன வெங்காயத்தை முழுதாக உரித்துப் போடுவார். நறுக்கிப் போட்டால் கரைந்துவிடும், வாய்க்குத் தட்டுப்படாது என்பார். பிறகு பூண்டு, வரமிளகாய், ஈரோட்டு மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, கழுவிய அரிசியும் துவரம்பருப்பும், அளந்த தண்ணீர். அரிசியும்பருப்பும் வெந்துகொண்டிருக்கும்போது அந்த வாசனைக்கே நாலு வண்டி தள்ளி நின்ற திருச்செங்கோட்டு ஓட்டுநர் ஒருவர் தட்டோடு வந்துவிட்டார். மூன்று பேரும் சேற்றுப்பலகையின் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்த நேரத்தில் மட்டும் மாமா கிடங்கு வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இனி, அந்த ஐந்து நாள் எங்கே போய் விடிகிறது என்பதைச் சொல்ல வேண்டும். உங்கள் அப்பாவைப் போலச் சம்பளத்துக்கு ஓட்டுகிறவர்களுக்கு வருமானத்தின் பெரும்பகுதி டிரிப் படியாகத்தான் வரும். வண்டி ஓடினால் உண்டு, நின்றால் இல்லை. மாமாவைப் போன்றவர்களுக்கு வண்டி நின்றாலும் ஓடினாலும் மாதத் தவணை தேதி தவறாமல் வந்து நிற்கும். ஹால்ட்டுக்குத் தனியாகக் காசு கேட்டு வாங்குவது உண்டு. ஆனால் அதைக் கொடுக்க வேண்டிய கையும் அடுத்த லோடைத் தரும் கையும் ஒன்றே என்பதால் பெரும்பாலும் கேட்பதே இல்லை. திரும்பும்போது நாமக்கல் கோழித் தீவனத்துக்குச் சோயாப் புண்ணாக்கு கிடைத்தது. அதற்கும் புக்கிங் ஆபீஸில் இரண்டு நாள் காத்திருந்தோம். ஊர் திரும்பியபோது மொத்தம் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அதில் ஏழு நாள் வண்டி உருளவே இல்லை. போகும்போது மூன்று நாள் ஆன பயணத்தை மாமா திரும்பும்போது இரண்டே நாளில் முடித்தார். இழந்த நாட்களை ஓட்டுநர் மீட்க முடிகிற ஒரே இடம் தன்னுடைய தூக்கம்.

80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகும். கண் மூன்று நொடி சொருகினால் 66 மீட்டர் அந்த வண்டியை யாருமே ஓட்டவில்லை என்று பொருள். மாமா பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டும், ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டும், என்னைப் பேசச் சொல்லியும் ஓட்டினார். தருமபுரியைத் தாண்டித் தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டி, முகம் கழுவி, கால் மணி நேரம் நின்றார். வீடு இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் அது பிடியை விட்டுவிடும் என்றார். அந்த இறக்கத்தில் டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுகிறவர்கள் உண்டு. அப்போது எஞ்சினின் பிடிமானம் போய், முழுப் பாரத்தையும் பிரேக் மட்டுமே தாங்க, டிரம் சூடேறிப் பிரேக் பிடிக்காமல் போகும். தொப்பூரில் விபத்து என்ற செய்தியை நீங்களும் எத்தனையோ முறை வாசித்திருப்பீர்கள். 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று அதில் எழுதியிருப்பார்கள். அவர் எத்தனை நாள் எந்தக் கிடங்கின் வாசலில் நின்றுவிட்டு வந்தார் என்பதை யாரும் எழுதியதில்லை. எனக்கு இதில் கோபம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது. தொலைதூரத் தடங்களுக்கு அனுமதி பெற்று 10 மணி, 54 மணி வரை போகலாம் என்றது. ஆனால் ஐந்து தொழிலாளர்களுக்குக் குறைவாக வைத்திருந்த இடங்களுக்கு அது தானாகப் பொருந்தவில்லை. ஒரு வண்டி, இரண்டு வண்டி என்று வைத்திருக்கும் நம் ஊர் முதலாளிகளிடம் வேலை பார்த்தவர்களுக்கு அந்தச் சட்டம் இருந்ததே தெரிந்திருக்காது. தெரிந்திருந்தாலும், வேலை நேரம் என்பதற்கு அது தந்த விளக்கத்தில், முனையங்களில் வெறுமனே காத்திருப்பது 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் மட்டுமே கணக்கில் வந்தது. பிற்காலத்தில் அந்த வாசகத்தைப் படித்தபோது நாக்பூரின் ஐந்து நாள்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

இப்போது நிலைமை மாறவில்லையா என்று கேட்பீர்கள். மாறியிருக்கிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் வாளையாறு போன்ற சோதனைச் சாவடிகளில் நாள்கணக்கில் வரிசை நிற்பது போயிற்று. 2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டாக் கட்டாயமானதால் சுங்கச்சாவடியில் சில்லறை தேடும் வேலையும் இல்லை. சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டான இ-வே பில்லில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று காலம் கணக்கிடப்படுகிறது. சரக்கின் நேரத்துக்கு இவ்வளவு துல்லியமாகக் கணக்கு வந்துவிட்டது. அதை ஓட்டிக்கொண்டு போகிறவர் கிடங்கு வாசலில் செலவழிக்கும் நேரத்துக்கு இன்னும் வரவில்லை. 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்றதும் உண்மையிலேயே மகிழ்ந்தேன், ஓடும்போது அது பெரிய ஆறுதல். நிற்கும் வண்டியில் எஞ்சினை அணைத்துவிட்டால் ஏசியும் அணைந்துவிடும். டீசலை எரித்துக் கேபினைக் குளிர வைத்துக்கொள்ள எந்த ஓட்டுநருக்கும் துணிவு வராது.

உங்கள் அப்பா இரவில் எழுவதைப் பற்றி: அவர் எதையோ நினைத்து வருந்துகிறார் என்று நீங்கள் பயப்படுவது கடிதத்தில் தெரிகிறது. அவர் மனதுக்குள் என்ன இருக்கிறது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் மாமா வண்டியை விற்றுப் பன்னிரண்டு வருடமாகிறது. போன ஐப்பசியில் அவர் வீட்டில் தங்கியிருந்தேன். இரண்டு மணிக்குக் கதவு திறக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். டார்ச்சோடு இடது பக்கமாகவே வீட்டைச் சுற்றி வந்து, மாட்டுக்கொட்டகைத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்து, விறகின்மேல் மூடியிருந்த பழைய தார்ப்பாயின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. பிறகு வலது பக்கமாக வந்து, திண்ணையில் சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

உங்கள் அப்பாவிடம் எந்தெந்த ஊரைப் பார்த்தீர்கள் என்று கேட்காதீர்கள். எந்த ஊரில் எத்தனை நாள் ஹால்ட், என்ன லோடு, அங்கே தண்ணீர் எங்கே பிடித்தீர்கள் என்று கேளுங்கள். மாமாவிடம் நான் அப்படிக் கேட்டுத்தான் இவ்வளவும் கிடைத்தது. ஆக்ரா என்றால் அவருக்கும் உருளைக்கிழங்குக் குளிர்பதனக் கிடங்கும், அதன் பின்சுவரை ஒட்டியிருந்த அடிகுழாயும்தான் ஞாபகம். அந்தக் குழாய்த் தண்ணீரில் பருப்பு வேகாது என்று அவர் அன்று சொன்னார். உங்கள் அப்பாவுக்கும் அது தெரிந்திருக்கக் கூடும்.