ஒன்பதாம் நாள் இரவு வந்த காய்ச்சல்

அன்புள்ள சகோதரிக்கு,

மார்பக அறுவை சிகிச்சைக்குப் பின் கீமோ எடுத்துவரும் உங்கள் அம்மாவைப் பற்றி இரண்டு பக்கங்கள் எழுதியிருக்கிறீர்கள். முடி கொட்டுவது, நகம் கறுத்தது, வாய்க் கசப்பு, சிவந்த சிறுநீர், உறவினர் கொண்டுவந்த முள்ளு சீத்தா இலை என எல்லாம் விரிவாக இருக்கிறது. இவற்றின் நடுவே ஒரே வரியில், இரண்டாவது கீமோ ஏற்றிய ஒன்பதாம் நாள் இரவு காய்ச்சல் 101 வரை போனதாகவும், பாராசிட்டமால் கொடுத்ததில் காலைக்குள் தணிந்துவிட்டதாகவும் குறிப்பிட்டு, அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த ஒரு வரிக்குத்தான் முக்கியமாகப் பதில் எழுதப் போகிறேன். கடிதத்தின் கடைசியில், "இந்த மருந்தே என்னைக் கொன்றுவிடும், போதும்" என்று அம்மா சொல்வதாகவும், நிறுத்திவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்களே, அந்தக் கேள்விக்கான விடையும் அந்த வரியில்தான் இருக்கிறது.

கீமோ மருந்துகள் வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களைத் தாக்குபவை. புற்றுநோய்ச் செல்களோடு முடியின் வேர், வாயின் உட்தோல், எலும்பு மஜ்ஜை ஆகியவையும் அடிபடுகின்றன. மஜ்ஜையில் உருவாகும் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள்தாம் பாக்டீரியாவை எதிர்க்கும் முதல் காவல். அவை ரத்தத்தில் ஒரு நாள் அளவுக்கே உயிர்வாழ்பவை என்பதால், மஜ்ஜையின் உற்பத்தி தடைபட்டதும் இருப்பு விரைவில் கரைந்துவிடுகிறது. உங்கள் அம்மாவைப் போல 21 நாளுக்கு ஒருமுறை மருந்து ஏற்றுபவர்களுக்குப் பொதுவாக ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை இந்த எண்ணிக்கை மிகவும் தாழ்ந்திருக்கும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சில ஆயிரம் இருக்க வேண்டியது 500-க்கும் கீழே போய்விட்டால், சாதாரண நாளில் நம் குடலிலும் தோலிலும் சாதுவாக இருக்கும் கிருமிகளே ரத்தத்தில் கலந்து, சில மணி நேரத்தில் ரத்த அழுத்தத்தைச் சரித்துவிடக்கூடும். வெள்ளை அணு குறையக் குறையத் தொற்றின் அபாயம் ஏறுகிறது என்பதை ஜெரால்டு போடி என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் ரத்தப் புற்றுநோயாளிகளிடம் கணக்கிட்டு 1966-இல் வெளியிட்டார்கள். அதற்குப் பின், காய்ச்சலுக்குக் காரணமான கிருமி இன்னதென்று தெரியும்வரை காத்திருக்காமல் உடனே ஆன்டிபயாடிக் தொடங்கும் வழக்கம் வந்தது. அந்த வழக்கம் காப்பாற்றிய உயிர்கள் ஏராளம்.

இந்த நாட்களில் வரும் தொற்றுக்கு வேறு அடையாளமே இல்லாமல் போகலாம் என்பதைக் குடும்பத்தில் உள்ள எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும். சீழ் என்பதே பெரும்பாலும் இறந்த நியூட்ரோபில்கள்தான். அவை இல்லாத உடம்பில் புண் சீழ் பிடிக்காது, நுரையீரலில் தொற்று இருந்தாலும் சளி அதிகம் வராது, சிறுநீரும் தெளிவாகவே இருக்கலாம். பெரும்பாலும் காய்ச்சல் ஒன்றே வெளியே தெரியும் அறிகுறி. அந்த ஓர் அறிகுறியையும் பாராசிட்டமால் அணைத்துவிடுகிறது. கிருமி அப்படியே இருக்கிறது. அன்றிரவு உங்கள் அம்மா தப்பித்தது தொற்று கடுமையாக இல்லாததாலோ, வெள்ளை அணுக்கள் ஏறத் தொடங்கிவிட்டதாலோ இருக்கலாம். மாத்திரை குணப்படுத்தியது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். அடுத்த முறையும் அதையே செய்ய அந்த எண்ணம் துணிவு கொடுத்துவிடும்.

ஆகவே இனி இப்படிச் செய்யுங்கள். வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கட்டும். நெற்றியில் கைவைத்துப் பார்ப்பது போதாது. 101 டிகிரி ஒருமுறை காட்டினாலோ, 100.4 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலோ அது அவசர நிலை. மருத்துவமனை தொலைவில் இருப்பவர்கள் அந்த ஒரு மணி நேரத்தையும் வீட்டில் கழிக்க வேண்டாம் என்பது என் கருத்து, 100.4-ஐத் தொட்டதுமே கிளம்பிவிடுங்கள். இரவு இரண்டு மணியானாலும் கிளம்புங்கள். உங்கள் ஊரிலிருந்து சிகிச்சை பெறும் மையத்துக்கு மூன்று மணி நேரப் பயணம் என்கிறீர்கள்; அவ்வளவு தூரம் போகாமல், 108-ஐ அழைத்து, அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். புறநோயாளிப் பிரிவில் சீட்டு வாங்கி வரிசையில் நிற்காதீர்கள். உள்ளே நுழைந்ததும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், "கீமோ ஏற்றி இத்தனையாவது நாள், காய்ச்சல் இவ்வளவு" என்பதுதான். அதைக் கேட்ட மருத்துவர் ரத்த அணுப் பரிசோதனைக்கும், கிருமியை வளர்த்துக் கண்டறியும் கல்ச்சர் சோதனைக்கும் ரத்தம் எடுத்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக முதல் ஆன்டிபயாடிக்கைக் கொடுத்தாக வேண்டும். மருந்துகளின் பெயரும் தேதியும் உள்ள டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி ரத்தப் பரிசோதனை முடிவு, டே கேர் வார்டின் தொலைபேசி எண் மூன்றையும் ஒரே உறையில் போட்டுக் கதவருகே மாட்டி வையுங்கள். எங்கள் வார்டில் இருந்த ஒரு மூத்த செவிலியர், முதல் கீமோ முடிந்து வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவரின் சீட்டிலும் 100.4 என்று சிவப்பு மையால் பெரிதாக எழுதிக் கொடுப்பார். எத்தனையோ குடும்பங்கள் அந்த எண்ணைப் பார்த்து நள்ளிரவில் வந்து சேர்ந்ததை நான் கண்டிருக்கிறேன்.

காய்ச்சலே இல்லாமலும் தொற்று வரலாம். வாந்தியைத் தடுக்கக் கொடுக்கப்படும் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்து உடல் சூட்டை மறைத்துவிடும். உடம்பு தூக்கிப்போடும் குளிர், கைகால் சில்லிட்டுப் போதல், மூச்சு வாங்குதல், பேச்சில் தடுமாற்றம், சிறுநீர் வெகுவாகக் குறைதல், தெர்மாமீட்டர் 96.8-க்கும் கீழே காட்டுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் காய்ச்சலுக்குச் சொன்னதே பொருந்தும்.

வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் மாத்திரையை முன்னெச்சரிக்கையாக இரண்டு வேளை கொடுத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதை நான் கண்டிக்காமல் விட முடியாது. யாருக்கோ எதற்கோ எழுதிக் கொடுத்த அரைப் பட்டை மாத்திரை இந்தத் தொற்றை அடக்காது; கல்ச்சரில் கிருமி வளரவிடாமல் செய்து, எங்கள் கண்ணைக் கட்டிவிடும். தெருமுனைக் கிளினிக்கில் இடுப்பில் ஊசி போட்டுக்கொள்வதும் கூடாது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் குறைந்திருக்கும் நேரத்தில் தசையில் போடும் ஊசியால் உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும். மலச்சிக்கலுக்கு எனிமாவும் ஆசனவாயில் வைக்கும் மாத்திரையும் வேண்டாம். அங்கே ஏற்படும் சிறு கீறலே கிருமிகளுக்கு வாசலாகிவிடும்.

முள்ளு சீத்தா இலை கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு வலியது என்று சுற்றிவரும் செய்தியை நானும் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். சோதனைக் குழாயில் செல்களைக் கொன்ற ஒரு பொருள் மனிதரைக் குணப்படுத்தும் என்று ஆகிவிடாது. மனிதரிடம் அதை மெய்ப்பித்த சிகிச்சை ஆய்வு எதுவும் இல்லை. அந்தச் செடியில் நரம்புச் செல்களைக் கெடுக்கும் அனோனாசின் என்ற பொருளும் இருக்கிறது. இதைப் பரப்புகிறவர்கள் நள்ளிரவில் உங்கள் அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓட வரப்போவதில்லை. இலையைக் குப்பையில் போடுங்கள்.

மற்றவை பயப்பட வேண்டாதவை. சிவப்பு நிறச் சிறுநீர் டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்தின் நிறமே. ஓரிரு நாளில் தெளியும். அதற்குப் பிறகும் சிவந்தாலோ, எரிச்சல் இருந்தாலோ சொல்லுங்கள். நகத்தின் கறுப்பு வளர வளர மறையும். முடி, சிகிச்சை முடிந்த சில வாரங்களில் முளைக்கத் தொடங்கும். வாய்க்கு உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெதுவெதுப்பான நீரால் நாளைக்கு நான்கைந்து முறை கொப்பளிப்பது போதும். பால், இனிப்பு, மீன் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்ன உறவினரின் பேச்சைக் கேட்க வேண்டாம். சேதமான செல்களை மீண்டும் கட்டப் புரதம் வேண்டும். நன்றாக வெந்த முட்டை, மீன், பருப்பு எல்லாம் சூடாகச் சமைத்ததும் கொடுங்கள், முதல் நாள் மிச்சத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பேரக்குழந்தையை அவரிடமிருந்து பிரித்து வைத்திருக்கிறீர்கள். குழந்தைக்குச் சளியோ காய்ச்சலோ இல்லாவிட்டால், கைகழுவிவிட்டு அவர் மடியில் உட்காரலாம்.

இப்போது அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கீமோ காலத்தில் உயிரிழப்பவர்கள் இருக்கிறார்கள், அதற்கு ஒரு முக்கியக் காரணம் நேரத்தில் கவனிக்கப்படாத இந்தத் தொற்றுதான். நேரத்தில் வந்துவிட்டால் இது பெரும்பாலும் சில நாள் ஆன்டிபயாடிக்கில் அடங்கிவிடும். கட்டியை அகற்றிவிட்ட பிறகு, கண்ணுக்குத் தெரியாமல் எஞ்சிய செல்களை அழித்து நோய் திரும்பாமல் காக்கவே அவருக்கு இந்த மருந்து ஏற்றப்படுகிறது; பாதியில் நிறுத்தினால் அந்த வாய்ப்பைத்தான் இழப்போம்.

மூன்றாவது கீமோவுக்குப் போகும்போது, அன்றிரவு வந்த காய்ச்சலையும் கொடுத்த மாத்திரைகளையும் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர் ஒரு வாரம் தள்ளிவைக்கலாம், அளவைச் சற்றுக் குறைக்கலாம், அல்லது மருந்து ஏற்றிய மறுநாள் வெள்ளை அணுக்களைத் தூண்டும் ஃபில்கிராஸ்டிம் ஊசியைத் தொடங்கலாம். அந்த ஊசி போட்டால் முதுகிலும் இடுப்பிலும் எலும்பு வலிப்பது உண்டு. மஜ்ஜை வேலை செய்வதால் வரும் வலி அது, பாராசிட்டமால் கொடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் மாத்திரையைப் பிரிப்பதற்கு முன் தெர்மாமீட்டரை வைத்து, காட்டிய அளவைத் தேதியோடும் நேரத்தோடும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.