சித்திரையில் தார் தள்ளும் ஜி9 வாழை: மணியைப் பார்க்காதீர்கள், லிட்டரை அளந்து பாருங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். குடியாத்தம் பக்கம் ஒரு ஏக்கரில் திசு வளர்ப்பு ஜி9 வாழை, ஆறுக்கு ஆறு அடியில், போன ஆடிப்பெருக்கு அன்று நட்டேன். பாதி மரம் தார் தள்ளிவிட்டது. சொட்டுநீர்தான், மரத்துக்கு மணிக்கு நாலு லிட்டர் விடும் டிரிப்பர் இரண்டு. காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓட்டுகிறேன். அப்படியும் பதினோரு மணிக்கே இலை மடங்கித் தொங்குகிறது. அடி இலைகள் ஓரம் கருகுகின்றன. மேற்கு வரிசையில் தாரின் மேல்சீப்பு மஞ்சளடித்துக் கறுக்கிறது. இது நோயா? கடையில் ஒரு டானிக் அடிக்கச் சொல்கிறார்கள். நிழல்வலை போடலாமா? மத்தியானம் தண்ணீர் விட்டால் வேர் வெந்துவிடும் என்கிறார்களே, உண்மையா? அடுத்த நடவை எப்போது வைத்துக்கொள்வது?

பதில்: வணக்கம் தம்பி. நீங்கள் எழுதியதில் நோய்க்கான அடையாளம் எதுவும் இல்லை. டானிக் காசைப் பத்திரமாக வையுங்கள், வைக்கோல் வாங்க உதவும்.

முதலில் இலை மடங்குவதைப் பற்றி. வாழை இலையின் நடு நரம்புக்கு இருபுறமும் ஒரு மெல்லிய பட்டை ஓடுகிறது. வெயில் ஏறும்போது அந்த இடத்தில்தான் இலை மடங்கி, கூரை போலச் சரிகிறது. மேலே விழும் வெயிலைக் குறைத்துக்கொள்ள மரம் தானே செய்கிற வேலை அது. பதினோரு மணிக்கு மடங்குவதைப் பார்த்துப் பதறாதீர்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு விரிந்துவிட்டால் மரம் சமாளிக்கிறது. விடிகாலை ஆறு மணிக்கும் மடங்கியே இருந்தால்தான் அதற்குத் தாகம். எது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. நாளை காலை டார்ச் எடுத்துக்கொண்டு போய், கடைசி வரிசை மரங்களைப் பார்த்துவிடுங்கள்.

கடைசி வரிசை என்று சொல்லக் காரணம் இருக்கிறது. இரண்டு டிரிப்பர், நாலு லிட்டர், இரண்டு மணி நேரம் என்றால் மரத்துக்கு 16 லிட்டர். கணக்கில் சரி. அணைக்கட்டு ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் இதே கணக்கைச் சொன்னார்கள். லேட்டரல், அதாவது டிரிப்பர் மாட்டிய கிளைக்குழாய், முடிகிற இடத்தில் டிரிப்பருக்குக் கீழே சின்னதாகக் குழி பறித்து, வாய் அறுத்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு, வரப்பில் உட்கார்ந்து செல்போனில் நேரம் பார்த்தேன். நாலு லிட்டர் டிரிப்பர் என்றால் 15 நிமிடத்தில் பாட்டில் நிறைய வேண்டும். அது பாதிகூட ஏறவில்லை. டிரிப்பர் வாயில் வெள்ளை வெள்ளையாக உப்பு கட்டியிருந்தது. தலைப்பு மரம் 16 லிட்டர் குடிக்க, வால் மரம் ஏழு லிட்டரில் நின்றுகொண்டிருந்தது. தோட்டக்காரர் மூன்று மாதமாக இரண்டு மணி நேரம் தவறாமல் ஓட்டியவர்தான்.

நீங்களும் தலைப்பு, நடு, வால் என்று மூன்று இடத்தில் பாட்டில் வையுங்கள். குறைந்தால் ஃபில்டரைக் கழுவி, லேட்டரல் கடைசி மூடியைத் திறந்து, கலங்கல் போய்த் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிடுங்கள். அப்படியும் ஊறாத டிரிப்பரை மாற்றுவதுதான் வழி.

சரி, மரத்துக்கு எவ்வளவுதான் வேண்டும்? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சொட்டுநீர்ப் பரிந்துரை இது: நட்டது முதல் நாலாம் மாதம் வரை நாளுக்கு 15 லிட்டர், ஐந்தாம் மாதம் முதல் தார் தள்ளும்வரை 20, தார் தள்ளியபின் 25, அதுவும் அறுவடைக்கு 15 நாள் முன்பு வரை. இதை நீங்களே சரிபார்க்கலாம். ஆறுக்கு ஆறு அடி என்பது கிட்டத்தட்ட 3.34 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஒரு லிட்டர். கடும் கோடையில் நாளுக்கு ஏழு எட்டு மில்லிமீட்டர் ஆவியாகப் போகும். பெருக்கிப் பாருங்கள், 23 முதல் 27 லிட்டர் வரும். ஆக, உங்கள் டிரிப்பர் எல்லாமே ஒழுங்காக ஓடினாலும் தார் தள்ளிய மரத்துக்கு ஒன்பது லிட்டர் கடன். மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓட வேண்டும்.

ஏக்கருக்குச் சுமார் 1,210 மரம். 25 லிட்டர் என்றால் நாளுக்குச் சுமார் 30,000 லிட்டர், 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் இரண்டரை நடை. உங்கள் போர்வெல் சித்திரையில் இதைத் தருமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். மோர்தானா அணையில் தண்ணீர் விட்டால் உங்கள் பக்கக் கிணறெல்லாம் ஊறும். வைகாசி வரை அதை நம்பி உட்கார முடியாது. தண்ணீர் போதவில்லை என்றால் நான் செய்வதைச் சொல்கிறேன், கேட்கக் கசக்கும். இதுவரை தார் தள்ளாத, தண்டு சிறுத்த, பின்தங்கிய மரங்களை அடையாளம் வைத்து, அவற்றின் டிரிப்பரை மூடிவிடுவேன். எல்லாவற்றையும் அரைப்பட்டினி போட்டால் வியாபாரி எதையும் நல்ல விலைக்கு எடுக்கமாட்டார்.

இனி வேர். வாழைக்கு வேர் ஆழம் போகாது. தண்ணீர் எடுக்கிற வேரில் பெரும்பகுதி மேல் ஒரு அடி மண்ணிலேயே இருக்கும். மத்தியானம் இரண்டு மணிக்குத் தோட்டத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பாருங்கள். உங்கள் கால் தாங்காத மண்ணில்தான் அந்த வேர் படுத்திருக்கிறது. வெறும் மண்ணின் மேற்பரப்பு கோடையில் 50 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். வாழை நன்றாக வளர்வது 26 முதல் 30 டிகிரியில். 38-ஐ ஒட்டி வளர்ச்சி நின்றுபோகும். காற்றை நம்மால் குளிரவைக்க முடியாது. மண்ணை முடியும்.

அதற்கு மூடாக்கு. நாலு விரற்கடைக் கனத்துக்குக் குறையாமல், மரத்தைச் சுற்றி மூன்றடி வட்டத்துக்கு, கரும்புத் தோகை, வைக்கோல், வாழைச் சருகு, எது கிடைத்தாலும் போடுங்கள். நம் வட ஆற்காட்டில் மல்லாட்டை (நிலக்கடலை)த் தோல் மலிவாகக் கிடைக்கும், அதுவும் நல்லதுதான். ஆனால் காய்ந்து கிடந்தால் கரையான் ஏறும், அதனால் தண்டை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். லேட்டரல் குழாயையும் மூடாக்குக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.

'வேர் வெந்துவிடும்' என்ற பேச்சு இங்கேதான் வருகிறது. அதில் பாதி உண்மை உண்டு. கறுப்புக் குழாய் வெயிலில் கிடந்தால் உள்ளே தேங்கிய தண்ணீர் கையைச் சுடும். மோட்டார் போட்டதும் முதலில் வருவது அதுதான். பாத்தி கட்டிப் பாய்ச்சி, தேங்கிய தண்ணீர் வெயிலில் காய்ந்தாலும் கெடுதல். மற்றபடி போரிலிருந்து ஏறிவரும் தண்ணீர் வேரை வேகவைக்காது. விடிகாலையிலும் இரவிலும் பிரித்து விடுவது சிறப்பு. மும்முனை மின்சாரம் மத்தியானம்தான் வருகிறது என்றால், மூடாக்குப் போட்டுவிட்டு மத்தியானமே விடுங்கள். தாகத்தோடு இரவு வரை நிறுத்திவைப்பது அதைவிட மோசம்.

ஒரு எச்சரிக்கை. பயந்துபோய் ஒரேயடியாக வெள்ளம் பாய்ச்சாதீர்கள். சூடேறிய மண்ணில் தண்ணீர் தேங்கினால், திசு வளர்ப்புக் கன்றுகளில், அதிலும் இளங்கன்றுகளில், கிழங்கு அழுகல் வரும். மரத்தைப் பிடித்து அசைத்தால் கிழங்கு மண்ணிலேயே நின்று, தண்டு மட்டும் நாற்றத்தோடு கையோடு வரும். அப்படி ஒன்று கண்டால் உடனே தோண்டி எடுத்துத் தோட்டத்துக்கு வெளியே போடுங்கள்.

அடி இலை ஓரம் கருகுவதற்குத் தாகம் ஒரு காரணம். உங்கள் பக்கத்தில் உப்பையும் சேர்த்தே சந்தேகப்படுவேன். பேரணாம்பட்டு முதல் ராணிப்பேட்டை வரை பாலாற்றுப் பக்கத் தோல் தொழிற்சாலைக் கழிவு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பான கதை உங்களுக்குத் தெரியும். கழிவே எட்டாத இடத்திலும் கோடையில் போர் தண்ணீர் இறங்க இறங்க உப்பு கூடும். வாழை உப்பைத் தாங்காத பயிர். டிரிப்பர் சொட்டுகிற இடத்தைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் அதுதான். விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ஒரு பாட்டில் தண்ணீரும் அரைக் கிலோ மண்ணும் கொண்டுபோய்ப் பரிசோதனைக்குக் கொடுங்கள். உப்பு உறுதியானால் இரண்டு காரியம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் ஓட்டி, உப்பை வேருக்குக் கீழே இறக்கிவிட வேண்டும். சாம்பல் சத்துக்கு மூரியேட் ஆஃப் பொட்டாஷ் போடுவதை நிறுத்திவிட்டு சல்பேட் ஆஃப் பொட்டாஷுக்கு மாற வேண்டும். மூரியேட்டில் இருக்கும் குளோரைடு, உப்பு மண்ணுக்கு மேலும் உப்பு. விலை கூடுதல்தான். ஆனால் சாம்பல் சத்தை மட்டும் குறைத்துவிடாதீர்கள். இலைத்துளை திறந்து மூடுவதும் காய் திரள்வதும் அதை நம்பித்தான்.

இப்போது தார். ஏப்ரல் கடைசி வாரம் நம் வேலூரில் உச்சிவேளைச் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். நிழல் காலடியிலேயே விழும். அதன்பின் ஒரு மணி முதல் நாலு மணி வரை மேற்கிலிருந்து அடிக்கிற வெயில்தான் உங்கள் மேல்சீப்பைச் சுடுகிறது. தார் வெளிவருவதற்கு முன் கடைசியாக ஒரு குட்டை இலை வரும். அதை வெட்டவே கூடாது. தார்த்தண்டு வளைகிற இடத்துக்கு அதுதான் குடை. அந்த வளைவு வெந்தால் தண்டு கறுத்து, தார் முற்றுவதற்குள் ஒடியும். குட்டை இலையை மடித்து வளைவின்மேல் போட்டு, மேலே இரண்டு கைப்பிடி காய்ந்த சருகு வைத்து, வாழை நாரால் கட்டுங்கள். மேற்கு வரிசைத் தார்களைச் சருகால் முழுக்கவே சுற்றிவிடலாம். வெள்ளை நெய்யா பாலிப்புரொப்பிலீன் உறை கிடைத்தால் இன்னும் நல்லது. கறுப்பு அல்லது நீலப் பாலித்தீன் பையை மட்டும் இந்த வெயிலில் மாட்டாதீர்கள், காய் உள்ளே அவிந்துவிடும். கறுத்துப்போன சீப்பு இனித் தேறாது, அறுத்து எடுங்கள். கடைசிச் சீப்பு விரிந்ததும் பூவை ஒடித்துவிட்டு, 10 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் கரைத்துத் தார் நனையத் தெளியுங்கள். மாதம் கழித்து இன்னொரு தரம். காலை எட்டு மணிக்கு முன்பு, அல்லது வெயில் சாய்ந்தபின்.

பச்சை இலையைக் கழிக்காதீர்கள். வைகாசி முகூர்த்தத்துக்கு இலை வியாபாரி வாசலில் வந்து நிற்பார், விலையும் ஆசை காட்டும். தார் தள்ளிய மரத்தில் இலை அறுத்தால் அந்தக் காசைத் தார் எடையில் திருப்பிக் கொடுப்பீர்கள். முழுக்கக் காய்ந்ததை மட்டும் எடுங்கள், அதுவும் மூடாக்குக்கு ஆகும். கோடை மழை காற்றோடுதான் வரும், சவுக்குக் கழி முட்டும் இப்போதே கொடுத்துவிடுங்கள்.

நிழல்வலை வேண்டாம். ஏக்கர் முழுக்க வலை கட்டுகிற செலவை வாழை திருப்பித் தராது, தவிர அது வெளிச்சம் கேட்கிற பயிர். மேற்கு வரப்பில் இரண்டு வரிசை அகத்தி விதையுங்கள். மழை விழுந்ததும் ஊன்றினால் அடுத்த கோடைக்குள் தலைக்கு மேல் போய்விடும். வெயிலும் மட்டுப்படும், ஆடிக்காற்றும் மட்டுப்படும், ஆட்டுக்குத் தழையும் ஆச்சு.

நடவு நாளுக்கு வருகிறேன். ஆடிப்பெருக்குக்கு நட்டதுதான் தப்பு என்று சொல்ல மனம் வரவில்லை, நல்ல நாள்தான். ஆனால் ஜி9 ஏழெட்டு மாதத்தில் தார் தள்ளும். ஆடியில் நட்டால் நேராகப் பங்குனி, சித்திரையில் வந்து நிற்கும். தையில் நட்டுப் பாருங்கள். கத்திரி வெயில் வரும்போது கன்றுக்கு நாலு மாதம்கூட நிறைந்திருக்காது. 15 லிட்டர்தான் குடிக்கும், தண்ணீர் குறைவான நேரத்தில் தேவையும் குறைவு. ஆவணி, புரட்டாசியில் தார், வடகிழக்குப் பருவமழையில் காய் திரட்சி, பொங்கலை ஒட்டி அறுவடை. ஐப்பசி, கார்த்திகைப் புயல் காற்று இதற்கு ஆபத்து என்பதை மறைக்கவில்லை. அதற்கு முட்டு கொடுக்கலாம், கத்திரிக்கு எதைக் கொடுப்பது? இளங்கன்றுக்கு முதல் கோடையில் மேற்கே ஒரு தென்னை ஓலையை ஊன்றி வையுங்கள், வரிசை நடுவே சணப்பையோ தட்டைப்பயறோ விதைத்து மண்ணை மூடுங்கள். தண்ணீர் எப்போதும் இழுபறி என்றால் ஜி9-ஐயே விட்டுவிட்டு மொந்தன், கற்பூரவள்ளி பக்கம் போகலாம். அவை வறட்சியை இதைவிடத் தாங்கும். கற்பூரவள்ளி வயது மட்டும் கூடுதல்.

இந்தத் தோட்டத்தையே மறுதாம்புக்கு, அதாவது பக்கக்கன்றையே அடுத்த பயிராக வளர்க்க, விடுவதாக இருந்தால், மரத்துக்கு ஓர் ஈட்டி இலைக் கன்றை (ஈட்டி போல ஒடுங்கிய இலை உள்ள பக்கக்கன்றை) இப்போதே குறித்து நிறுத்துங்கள், தை மாதத்தை ஒட்டித் தார் தள்ளும். அறுவடை முடியட்டும் என்று ஆடிக்குத் தள்ளினால், அடுத்த வருஷமும் இதே சித்திரையில் இதே கேள்வியோடு எழுதுவீர்கள். மீதிப் பக்கக்கன்றுகளைத் தரைமட்டத்தில் அறுத்துவிடுங்கள். கடப்பாரை போட்டுத் தோண்டினால் தாய்மரத்தின் வேர் அறுபடும், கோடையில் அது வேண்டாம்.

பாட்டில் அளவு மூன்று இடத்திலும் எவ்வளவு வந்தது, விரிஞ்சிபுரத்துத் தண்ணீர்ப் பரிசோதனையில் உப்பு என்ன காட்டுகிறது, இரண்டையும் எழுதுங்கள். மீதி உரக்கணக்கை அதை வைத்துப் போட்டுத் தருகிறேன்.